விசில் ஒரு சுரம் ஏறிவிட்டது: ஸ்விஃப்ட் டீசலுக்கு எந்த டர்போ வாங்குவது?

தவில்காரன் (நீடாமங்கலம்)

அனைவருக்கும் வணக்கம். வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல், 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின், வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தரும் டர்போ வைத்தது. ஓடியது 1,46,000 கிலோமீட்டர். பழைய வண்டியாக 2019இல் வாங்கினேன். வாங்கிய பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஈசியு ரீமேப் செய்தேன், அதாவது எஞ்சினை ஆளும் கணினியின் அளவுகளைத் திறன் கூடும்படி திருத்தினேன். கம்பெனி கொடுத்தது 75 குதிரைத்திறன். ரீமேப் செய்தவர் 95 வரும் என்றார், நான் அளந்து பார்த்ததில்லை. கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, சிவப்பாக ஒரு கூம்பு ஃபில்டர் மாட்டினேன். சைலன்சர் குழாயும் ஒரு சுற்றுப் பெரியது. பின்பக்க ஸ்பிரிங்கைக் கெட்டியாக மாற்றியது மட்டும்தான் தொழிலுக்காக. நான், நாதஸ்வரம் வாசிக்கும் அண்ணன், இரண்டாவது தவில், தாளம் என்று நான்கு பேர் ஏறி, டிக்கியில் ஒரு தவில், மடியில் ஒரு தவில், நாதஸ்வரப் பெட்டி, வேட்டி சட்டைப் பைகள் என்று ஏற்றினால் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும். கல்யாணத்துக்கு ஓடுகிற வண்டிக்கு மற்றதெல்லாம் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. ஆசைதான், வேறென்ன.

தை பிறந்ததிலிருந்து முகூர்த்தம் ஓயவில்லை. பத்து நாளுக்கு முன் மயிலாடுதுறையில் வரவேற்பை முடித்துக்கொண்டு, விடிவதற்குள் ஒரத்தநாட்டு முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கும்பகோணம் தாண்டி மூன்றாவது கியரில் ஏற்றினேன். தூங்குகிறார் என்று நினைத்திருந்த அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "உன் வண்டி சுருதி மாறிவிட்டதடா" என்றார். கார்த்திகையில் இதே கியரில், இதே வேகத்தில் ஷட்ஜத்தில் (ச) நின்ற டர்போ விசில் இப்போது சதுஸ்ருதி ரிஷபத்தில் (ரி) நிற்கிறதாம். அவர் காதில் பிழை வராது. தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையால் பெயர்பெற்ற எங்கள் நீடாமங்கலத்தில் பிறந்துவிட்டு, என் தவிலில் வார் அரைக்கால் தளர்ந்தாலும் மேடையில் திரும்பிப் பார்க்கிற மனிதர்.

அதன் பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் போனால் கறுப்புப் புகை, இழுவை பாதி. காலையில் எடுக்கும்போது நீலப் புகை. ஆயில் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைகிறது. ஊரில் மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் மூக்கில் விரலை விட்டு நடுத் தண்டை, அதாவது ஷாஃப்ட்டை, ஆட்டிக் காட்டினார். பால்பல் மாதிரி ஆடுகிறது.

எனக்குச் சொல்லப்பட்ட வழிகள் நான்கு. கம்பெனி அளவிலேயே புது டர்போ, 38,000 ரூபாய். உள்ளிருக்கும் கோர் (ஷாஃப்ட்டும் அதன் சக்கரங்களும் பேரிங்கும்) மட்டும் மாற்றுவது, 14,000. உடைத்த எர்டிகாவிலிருந்து எடுத்த விஜிடி டர்போ, 22,000. உள்ளே பெரிய சக்கரம் போட்ட ஹைபிரிட் டர்போ, விலை கேட்கவே பயம். இணையத்தில் 9,500க்கும் ஒன்று மின்னுகிறது. எதை வாங்கலாம்?

கொள்ளிடம்90 (சீர்காழி)

அண்ணா, யோசிக்கவே வேண்டாம், விஜிடி. உங்கள் வண்டியில் இருப்பது வேஸ்ட்கேட் (அழுத்தம் ஏறினால் திறந்து உபரிப் புகையை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் கதவு) வைத்த சாதாரண டர்போ. புகை போகிற வழி எப்போதும் ஒரே அளவு. விஜிடியில் புகை சுழற்றும் டர்பைன் சக்கரத்தைச் சுற்றி அசையும் இதழ்கள் உண்டு. குறைந்த சுற்றில் இதழ்கள் நெருங்கி, புகையைப் பீய்ச்சி அடித்துச் சக்கரத்தைச் சுழற்றும். வேகம் ஏறினால் விரிந்து வழிவிடும். அதே 1.3 எஞ்சினில் கணக்கைப் பாருங்கள்: ஸ்விஃப்ட்டுக்கு 75 குதிரைத்திறன், 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர். எர்டிகாவுக்கு 90 குதிரைத்திறன், 1,750 சுற்றிலேயே 200. நான்கு பேரும் இரண்டு தவிலும் ஏறுகிற வண்டிக்கு அந்த 250 சுற்று முன்னால் கிடைப்பது பெரிய விஷயம். பணம் இருந்தால் ஹைபிரிட். ஆசை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிறகு எதற்குத் தயக்கம்?

ஓடம்போக்கி (திருவாரூர்)

ஆசைக்கு நடுவே ஒரு சங்கடம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இரவில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். ஏதாவது ஆகி இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது அந்தச் சிவப்புக் கூம்பாகத்தான் இருக்கும். நானும் ஒரு காலத்தில் வைத்திருந்தேன், அதனால் சொல்கிறேன்.

அரசலாற்றுப் பட்டறை (கும்பகோணம்)

தம்பி, டர்போவை இப்போது வாங்காதீர்கள். பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். இருபத்திரண்டு வருடமாக டீசல் வேலை செய்கிறேன். பட்டறைக்கு வருகிற டர்போக்களில் தன் குற்றத்தால் செத்தது மிகக் குறைவு. ஆயில், தூசு, ஓட்டுகிறவர் கை, இந்த மூன்றில் ஒன்றுதான் கொல்கிறது.

முதலில் உங்கள் அண்ணன் காதுக்கு வருகிறேன், இவ்வளவு நல்ல துப்பு எனக்கு எந்த வாடிக்கையாளரும் கொடுத்ததில்லை. இந்தச் சிறிய டர்போக்களின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் முறை சுற்றுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 2,500. சக்கரத்தின் சமநிலை இம்மி பிசகினாலும் அந்த 2,500 அதிர்வுதான் விசிலாகக் காதில் விழுகிறது. ஷட்ஜத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் உள்ள விகிதம் எட்டுக்கு ஒன்பது (என் மகள் வீணை கற்கிறாள், அவள் நோட்டில் பார்த்தது). அப்படியானால் அதே கியரில், அதே வேகத்தில், ஷாஃப்ட் முன்பைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றுகிறது. ஒன்றரை லட்சம் ஏறக்குறைய 1,69,000 ஆகிவிட்டது. சாகப்போகிற டர்போ தானாக வேகமெடுக்காது. எதையோ ஈடுகட்டத்தான் அப்படி ஓடுகிறது.

ஈடுகட்ட இரண்டு காரணம் உண்டு. ஒன்று, ஃபில்டர் அடைத்திருக்கும். மூக்கில் காற்று குறைந்தால், அதே அழுத்தத்தைக் கொடுக்கச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். இரண்டு, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே எங்கோ காற்று கசியும். கசிந்தால் அழுத்தம் ஏறாது. ஏறாததால் வேஸ்ட்கேட் திறக்காது. திறக்காததால் புகை முழுவதும் டர்பைன் மேலேயே பாயும். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புகிற கதை. கறுப்புப் புகையும் இதற்குத்தான் சாட்சி: டீசல் போகிறது, காற்று போகவில்லை.

நீங்கள் தை மாசியில் ஓடுகிற சாலைகளை நானும் அறிவேன். பாதிச் சாலையில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் அறுவடை இயந்திரம் போகிறது. டிராக்டர் பின்னால் ஒரு கிலோமீட்டர் போனால் கண்ணாடி மேல் பதரும் சுணையுமாகப் படிகிறது. அதைத்தான் உங்கள் சிவப்புக் கூம்பு பானெட்டுக்குள் இருந்து உறிஞ்சுகிறது. கூம்புக்கு எண்ணெய் தடவி எத்தனை நாள் ஆயிற்று? கம்பெனிப் பெட்டி குளிர்ந்த காற்றை வெளியிலிருந்து எடுக்கும். உங்களுடையது எஞ்சின் சூட்டைக் குடிக்கிறது. சித்திரையில் 40 டிகிரிக் காற்றை 2.2 மடங்கு அமுக்கினால், காற்றை அமுக்கும் சக்கரமான கம்ப்ரசர் 70 விழுக்காடு திறனோடு இருந்தாலும் ஏறக்குறைய 150 டிகிரிக்குப் போகும். தேய்ந்து 60 விழுக்காட்டுக்கு வந்தால் 170. பானெட்டுக்குள் இருக்கிற 60 டிகிரிக் காற்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வேகமாக வந்து நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது என்ன செய்கிறீர்கள்?

மூன்றைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். கம்ப்ரசர் இறக்கைகளின் முன்விளிம்பு எப்படி இருக்கிறது. டர்போவுக்கு ஆயில் வரும் மெல்லிய குழாயின் உள்ளே என்ன இருக்கிறது. டர்போவில் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் ரப்பர் குழாய்களில், கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு அதன் அடியில் விரிசல் இருக்கிறதா.

தவில்காரன் (நீடாமங்கலம்)

ஐயா, கேட்டில் நின்றதும் எஞ்சினை அணைத்துவிடுவேன். நெல் ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று போய், எதிர்த் திசையில் இன்னொன்று போய், ஷண்டிங் முடிந்து கேட் திறப்பதற்குள் ஒரு பல்லவி பாடிவிடலாம். டீசல் விற்கிற விலையில் யார் ஓடவிடுவார்?

நேற்றும் இன்றும் கச்சேரி இல்லை. மெக்கானிக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன்.

இறக்கைகளின் முன்விளிம்பு கத்தி மாதிரி இருக்க வேண்டுமாம். என்னுடையது சப்பிப் போட்ட கரும்புச் சக்கை மாதிரி உருண்டு, ஓரிடத்தில் எலி கடித்தது போல இருக்கிறது. ஆயில் குழாயின் இணைப்பு போல்ட்டில் துளை பாதி மூடிக் கறுப்பாக உறைந்திருக்கிறது. குண்டூசியால் சுரண்டினால் கரி உதிர்கிறது. மூன்றாவதுதான் வேடிக்கை. எஞ்சின் பக்கத்து ரப்பர் குழாயைக் கழற்றி அமுக்கினோம், கிளாம்ப் இருந்த இடத்தில் வாய் பிளந்தது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கசிந்த ஆயிலில் ஊறி ரப்பர் அப்பளம் மாதிரி ஆகியிருக்கிறது.

அண்ணனிடம் எட்டுக்கு ஒன்பது கணக்கைச் சொன்னேன். "அதைக் கண்டுபிடிக்கக் கும்பகோணம் போக வேண்டுமா?" என்றார். ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம்.

அரசலாற்றுப் பட்டறை (கும்பகோணம்)

மூன்றுமே சேர்ந்து கொன்றிருக்கின்றன. கேட் விஷயத்தை மட்டும் விளக்கிவிடுகிறேன். வேகமாக வந்த டீசலில் டர்பைன் வீடு, அதாவது சக்கரத்தை மூடிய உலோகக் கூடு, நூற்றுக்கணக்கான டிகிரியில் கொதிக்கிறது. ஓடும்வரை ஆயில் வந்து அந்தச் சூட்டை வாங்கிப் போகும். அணைத்த நொடியில் ஆயில் நின்றுவிடுகிறது, சூடு நிற்பதில்லை. பேரிங்குக்குள் தங்கிய ஆயில் வாணலியில் தீய்ந்த மாதிரி கரியாகிறது. நீங்கள் குண்டூசியால் சுரண்டியது அதைத்தான். கேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே காலை லேசாக்கிக்கொள்ளுங்கள், நின்ற பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆகிற டீசலை டர்போ விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது எதை வாங்குவது.

9,500ஐ மறந்துவிடுங்கள். ஒன்றரை லட்சம் சுற்றில் ஓடுகிற பொருளில் சமநிலைதான் விலை.

கோர் மாற்றுவது கெட்ட வழி இல்லை. நான் நிறையச் செய்திருக்கிறேன். வேகத்தில் ஓட்டிச் சமநிலை பார்க்கிற இயந்திரத்தின் தாளை, கோர் எண்ணோடு கேட்டு வாங்க வேண்டும். தாள் தராதவரிடம் வாங்கக் கூடாது. ஆனால் உங்களுக்கு ஒரு சோதனை பாக்கி. கம்ப்ரசர் வீட்டின் உட்சுவரில், சக்கரம் சுற்றுகிற இடத்தில், நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டுகிற கோடு இருந்தால் இறக்கை சுவரில் உரசியிருக்கிறது. அந்த வீட்டுக்குள் புதுக் கோர் போட்டாலும் இடைவெளி அதிகமாகிக் காற்று பின்னால் நழுவும். அப்படியானால் முழு டர்போதான்.

ஹைபிரிட்டுக்கு ஒரு கணக்கு. 1,248 சிசி எஞ்சின் 4,000 சுற்றில், மானியில் 1.2 பார் அழுத்தத்தில், இன்டர்கூலரில் 60 டிகிரிக்கு ஆறிய காற்றைக் குடித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ. அதே அழுத்தத்தை 1,800 சுற்றில் கேட்டால் இரண்டேகால் கிலோ. நீங்கள் ஓடுவது எங்கே? டவுன் பஸ்ஸுக்கும் வைக்கோல் லாரிக்கும் பின்னால், மூன்றாவது கியரில், 1,500க்கும் 2,500க்கும் நடுவே. பெரிய சக்கரம் ஐந்து கிலோவுக்கு மேல் அழகாக ஓடும். இரண்டேகால் கிலோவில் அழுத்தம் கேட்டால் காற்று முன்னே போகாமல் திரும்பி அடிக்கும். சர்ஜ் என்பது அதுதான். ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் குத்திக்குத்தித் தள்ளும். உங்கள் நான்கு பேர் பாரத்துக்கு அது எதிரி.

கொள்ளிடம்90 (சீர்காழி)

ஹைபிரிட்டை விட்டுவிடுகிறேன், ஐயா. விஜிடியை விட மாட்டேன். நீங்கள் சொன்ன 1,500 முதல் 2,500 வரைதான் அதன் இடம்.

அரசலாற்றுப் பட்டறை (கும்பகோணம்)

நியாயம்தான், தம்பி. புதிய விஜிடி, அதற்கான கட்டுப்பாட்டு வால்வு, வெற்றிடக் குழாய், இதழ்களை ஆட்டத் தெரிந்த மேப், மேப் எழுதியவர் அடுத்த வருடமும் தொலைபேசியை எடுப்பார் என்ற நம்பிக்கை, இவ்வளவும் இருந்தால் நானும் அதையே சொல்வேன். அவருக்குக் கிடைப்பது உடைத்த வண்டியில் எடுத்தது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்கிறவருக்கே தெரியாது. கரி படிந்தால் முதலில் சிக்கிக்கொள்வது அந்த இதழ்கள்தான், இவர் வண்டியோ புகை கக்குகிறது. மாசியில் எத்தனை முகூர்த்தம் கையில் இருக்கிறது என்று அவரைக் கேளுங்கள்.

தவில்காரன் (நீடாமங்கலம்)

பதினொன்று. முன்பணம் வாங்கியாயிற்று.

நகம் மாட்டுகிறது, ஐயா. கோடு இல்லை, வாய்க்கால். கம்பெனி அளவிலேயே முழு டர்போ சொல்லிவிட்டேன். மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

அரசலாற்றுப் பட்டறை (கும்பகோணம்)

ஆயில் குழாயும் அதன் போல்ட்டும் புதிது, பழையதைச் சுத்தம் செய்து போடாதீர்கள். டர்போவிலிருந்து ஆயில் வடியும் இறங்கு குழாயில் அடைப்பு இருக்கக் கூடாது. ஆயில் இணைப்புகளில் சிலிக்கான் பசை வேண்டாம், கேஸ்கெட் மட்டும். பிதுங்கிய பசை உடைந்து பேரிங்குக்குப் போகும். டர்போவின் ஆயில் துளையில் புது ஆயிலை ஊற்றிக் கையால் சுற்றிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். டீசல் போகாமல் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டும். பிறகுதான் உயிர் கொடுக்க வேண்டும்.

இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஆறேழு வருடத்துக்கு முன் என் பட்டறையிலேயே பையன் ஒருவன் கழுவினேன் என்றான், கழுவவில்லை. உள்ளே பழைய டர்போ கக்கிய ஆயில் கால் லிட்டர் இருந்திருக்கும். ஸ்டார்ட் ஆனது. ஆக்சிலரேட்டரை யாரும் தொடவில்லை, சுற்று ஏறிக்கொண்டே போனது. சாவியைத் திருப்பினான், நிற்கவில்லை. டீசல் நின்றாலும் தேங்கின ஆயிலைக் குடித்தே எஞ்சின் ஓடுகிறது. தெரு முழுக்க வெள்ளைப் புகை, எதிர் வீட்டுப் பாட்டி கதவைச் சாத்திக்கொண்டார். நான் சாப்பிட உட்கார்ந்திருந்த மணையைத் தூக்கிக்கொண்டு ஓடி, காற்று வாயில் வைத்து அமுக்கினேன். இரண்டு மூச்சில் நின்றது. மணையில் அந்த வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது. கையை மட்டும் ஒருபோதும் வைத்துவிடாதீர்கள், உறிஞ்சும் வேகத்துக்கு விரல் தாங்காது. வண்டிக்குள் இருப்பவர் பிரேக்கை இறுக மிதித்து, மேல் கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டும் நிறுத்தலாம்.

பரணில் இருக்கிற ஃபில்டர் பெட்டியை இறக்குங்கள். ரீமேப்பையும் கொஞ்சம் தணிக்கச் சொல்லுங்கள். புகை வராத அளவுக்குப் போதும்.

தவில்காரன் (நீடாமங்கலம்)

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும், வீட்டில் இருந்தால்தானே.

இன்டர்கூலரைக் கவிழ்த்தபோது காப்பி டம்ளர் நிறைய ஆயில் வந்தது. நான் நின்று பார்க்கும்போதே இரண்டு முறை கழுவினார்கள். மணை ஒன்றையும் எடுத்துப் போயிருந்தேன். மெக்கானிக் எதற்கு என்று கேட்டார், காரணம் சொன்னதும் சிரிக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

ரீமேப்பைத் தணித்தாயிற்று. இழுவை முன்பு போல முதுகில் அறைவதில்லை, ஆனால் 1,800 சுற்றில் நான்கு பேரோடு ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் கியர் குறைக்காமல் ஏறுகிறது. முன்பு ஏறியதா என்று நினைவில்லை. அப்போது நான் குறைந்த சுற்றில் ஓட்டிப் பார்த்ததே கிடையாது. ஓட்டிய 1,900 கிலோமீட்டரில் ஆயில் கோடு அசையவில்லை. கேட்டில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறேன். பக்கத்தில் நிற்கும் லாரிக்காரர் ஒருவர், "என்ன சார், அணைக்க மறந்துவிட்டீர்களா?" என்கிறார்.

அண்ணன் முதல் நாள் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னலை ஏற்றிவிட்டு, மூன்றாவது கியரில் 60இல் பிடிக்கச் சொன்னார். வலங்கைமான் வரை பேசவே இல்லை. "சுரமே கேட்கவில்லை, காற்று மட்டும்தான் கேட்கிறது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

சிவப்புக் கூம்பு ஃபில்டர் ஒன்று, கழுவி எண்ணெய் தடவிச் சுத்தமாக வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமா?

ஓடம்போக்கி (திருவாரூர்)

விற்காதீர்கள் ஐயா. வாங்குகிறவர் அடுத்த தையில் இங்கே வந்து எந்த டர்போ வாங்குவது என்று கேட்பார்.